மூடியைத் திறந்தது யார்?

நாமக்கல்
18.11.2024

அன்புள்ள அம்மணி யாழினிக்கு,

கொல்லிமலை அடிவாரம் தொடங்கிக் காவிரிக்கரை வரைக்கும் ஓடுகிற அத்தனை லாரிகளையும் நிற்க வைக்கிற ஒரே மனிதனாகிய உன் தாய்மாமன் சென்னிமலை எழுதுவது.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. கோயில் நகைகளை ஊர்விட்டு ஊர் கொண்டு போகும்போதுகூட இத்தனை டேப் சுற்ற மாட்டார்கள். அதைப் பிரித்த நேரத்தில் ஒரு லாரிக்கு ஆறு சக்கரத்தையும் கழற்றி மாட்டியிருப்பேன். டேப் ஒட்டிய இடமெல்லாம் குறுக்கே உன் கையெழுத்து. உள்ளே பார்த்தால் ஒவ்வொரு பாகத்திலும் ஒரு பச்சைப் புள்ளி. டிஸ்க்கில் பச்சை, காலிப்பரில் பச்சை, மாஸ்டர் சிலிண்டரில் பச்சை, காற்றை வெளியேற்றுகிற, சுண்டுவிரல் நகம் அளவு இருக்கிற நிப்பிளில்கூடப் பச்சை. எதற்கு? உன் மாமன் புதுச் சரக்கை எடுத்து வைத்துக்கொண்டு காயலான் கடைச் சரக்கை மாட்டிவிடுவான் என்றுதானே? இதில் ஒரு விஷயம் உன் படிப்புக்குத் தெரியவில்லை. பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் தோலாக உரிந்து வந்துவிடும். மாஸ்டர் சிலிண்டரில் நீ வைத்த புள்ளி நேற்றே போய்விட்டது. நான் அழித்தேன் என்று பிறகு சொல்லாதே.

இனிப் போனில் ஒரு வார்த்தை கிடையாது, எல்லாம் எழுத்தில்தான் என்று உத்தரவு போட்டிருக்கிறாய். போனில் நான் இன்றைக்குச் சொல்வது ஒன்று, அடுத்த வாரம் சொல்வது வேறு என்று காரணமும் எழுதியிருக்கிறாய். அதை மறுப்பதற்கில்லை. எழுதுகிறேன்.

வண்டியைத் தார்ப்பாய் விலக்கி வெளியே எடுத்துவிட்டேன். இருபது வருஷமாக யாரும் திரும்பக் கேட்காமல் என் பட்டறைக் கொட்டகையில் மகாராஜா மாதிரித் தூங்கிக்கொண்டிருந்த ஃபியட். உங்கப்பா அதைக் கோவை டிராக்கில் ஓட்டிய நாளில் காக்காய்கூட அதற்கு முன்னால் பறக்கப் பயப்படும். அதைப் பிப்ரவரி ஒன்பதாம் தேதி, பழைய வண்டிகளுக்கான பந்தயத்தில், அதே டிராக்கில் நீ ஓட்டப் போகிறாய். ஓட்டு. முன்சக்கரம் இரண்டிலும் பழைய டிரம் போய் டிஸ்க் வருகிறது. நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய் என்றிருந்தது போய், முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று இரட்டை மாஸ்டர் சிலிண்டர். ஒரு பக்கம் கைவிட்டாலும் மறுபக்கம் பிடிக்கும். நல்ல யோசனை. அன்றைக்கு யாருக்காவது தோன்றியிருக்கலாம்.

கழற்றிய பழைய பாகங்கள் எல்லாம் உனக்குத் திரும்ப வேண்டும் என்கிறாய். அதெல்லாம் போன வாரமே எடைக்குப் போய்விட்டது, சாமி. துருப்பிடித்த இரும்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?

ஒரே ஒரு கேள்வி. இந்த வேலை என் கையில் நடக்கிறது என்று உங்கப்பாவுக்கு, அதாவது இருபது வருஷமாக என் முகத்தில் விழிக்காத என் மச்சானுக்கு, தெரியுமா?

இப்படிக்கு,
பிரேக் சக்கரவர்த்தி,
மாமன் சென்னிமலை

*

கோயம்புத்தூர்
24.11.2024

மாமாவுக்கு,

அப்பாவுக்குத் தெரியாது. வண்டியை உங்கள் கொட்டகையில் இருந்து எடுத்து வந்து, இங்கே பீளமேட்டில் ஏதோ ஒரு பட்டறையில் வேலை நடப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்குத் தெரியும்.

பாகங்கள் ஒவ்வொன்றையும் நானே நேரில் வாங்கினேன். எங்கள் சோதனைக் கூடத்தில் அளந்து பார்த்துத்தான் அனுப்பினேன். பச்சைப் புள்ளி நீங்கள் பார்ப்பதற்காக வைத்தது. நீங்கள் பார்க்காத அடையாளம் ஒன்று ஒவ்வொரு பாகத்திலும் இருக்கிறது. அது எங்கே என்று சொல்ல மாட்டேன்.

பழைய பாகங்கள் எடைக்குப் போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பொன்னாயி அத்தையிடம் போனில் பேசினேன். அவருக்கு நான் எந்தத் தடையும் போடவில்லை. "எடைக்கா? அட்டாலி மேல ஒரு சாக்குல கட்டி வெச்சிருக்குதுங் கண்ணு. போன வாரம் வெச்சாரு. அதுக்குப் பக்கத்துல போனாலே உங்க மாமனுக்கு மூக்கு வெடைக்குது" என்றார். கூடவே ஒன்று சொன்னார். அந்தப் பரணில் இருபது வருஷமாக ஒரு தகரப் பெட்டியும் பூட்டியே கிடக்கிறதாம். அதில் என்ன இருக்கிறது, மாமா?

நான் ஏன் உங்களிடம் வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆறு வயதில் அப்பா அந்த வண்டியில் போய் டிராக்கின் முதல் வளைவில் சுவரில் மோதினார். பிரேக் மிதி தரை வரைக்கும் போய்விட்டது என்று மட்டும் சொல்வார். வலது கால் அதன் பிறகு மடங்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் வைத்தே "சென்னிமலை வேலை இது" என்று அவர் சொன்னார். "இவரு வாங்கியாந்த டூப்ளிகேட் ரப்பரு" என்று நீங்கள் சொன்னீர்கள். இரண்டு வீடும் அன்றோடு சரி.

நான் ஓட்டப் போவது அதே வண்டி, அதே வளைவு. அன்றைக்கு அந்த பிரேக்குக்கு என்ன ஆனது என்று தெரியாமல் அதில் உட்கார மாட்டேன். புதுப் பாகம் எத்தனை போட்டாலும் சரி. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் உங்களிடம் வந்தேன். நம்பி வரவில்லை.

சாக்கை அனுப்புங்கள்.

யாழினி

*

நாமக்கல்
2.12.2024

அன்புக்கும் அதைவிடப் பெரிய சந்தேகத்துக்கும் உரிய யாழினிக்கு,

என் வீட்டுக்குள் ஒற்றர் படை வேலை செய்வது இப்போதுதான் தெரிந்தது. முப்பத்தோரு வருஷம் என் கையால் காப்பி வாங்கிக் குடித்தவள், எதிரி நாட்டுக்குப் பரணின் வரைபடத்தையே கொடுத்திருக்கிறாள். கேட்டால், "அந்தப் புள்ள உசுர வெச்சு ஓட்டப் போகுது, உங்களுக்குச் சாக்கு பெருசாப் போச்சா?" என்கிறாள். பதில் சொல்ல முடியாத கேள்விகளை மட்டும் கேட்பது என்று ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள்.

உன் ரகசிய அடையாளத்தைத் தேடினேன். இரண்டு நாள். தையல்கார முருகானந்தத்திடம் பூதக்கண்ணாடி இரவல் வாங்கிக் காலிப்பரை மேலும் கீழுமாக, உள்ளும் புறமுமாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டேன். எங்கே என்று நானும் சொல்ல மாட்டேன்.

வேலை விவரம். வலது காலிப்பருக்கு நீ கோவையில் வெட்டிக் கொடுத்த பிராக்கெட் இரண்டு மில்லிமீட்டர் பிசகு. டிஸ்க் அதில் உரசிக்கொண்டு, மாரியம்மன் திருவிழா உடுக்கை மாதிரிக் கத்தியது. சத்தம் கேட்டு ராசிபுரத்தில் ஒரு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டதாகத் தகவல். வாஷர் போட்டுச் சரி செய்துவிட்டேன். அளந்து பார்த்து அனுப்பியதாக எழுதியிருந்தாயே, எதை அளந்தாய்? பின்பக்கம் டிரம்மேதான், ஆனால் வீல் சிலிண்டர் இரண்டும் புதுசு. பின்சக்கரம் முந்திப் பிடித்து வண்டி வாலைச் சுழற்றாமல் இருக்க, பின் குழாயில் நீ கொடுத்த வால்வையும் போட்டாயிற்று. புதுக் குழாய் எல்லாம் வளைத்து முடித்தேன். ஆயில் இன்னும் முழுசாக ஊற்றவில்லை.

பழைய பாகம் கேட்டாயே, இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முன்பக்க டிரம் இரண்டு, ஷூ நாலு. எடைக்குப் போட்டதில் மிச்சம் இவ்வளவுதான். சாக்கு என்பது உன் அத்தையின் கற்பனை. தகரப் பெட்டியில் இருப்பது என் கல்யாண வேட்டி.

இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். பட்டறையில் என் பக்கத்தில் தவறு இல்லை. பிரேக் குழாயில் சிக்கிய காற்றையெல்லாம் நான் எடுத்து முடித்தபோது அந்த பிரேக் கல்லு மாதிரி இருந்தது. மலிவாகக் கிடைத்தது என்று ரப்பர் வாங்கி வந்தவர் யார் என்று உங்கப்பாவைக் கேள்.

இப்படிக்கு,
அவமானப்படுத்தப்பட்ட சக்கரவர்த்தி,
சென்னிமலை

*

கோயம்புத்தூர்
12.12.2024

மாமாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பெட்டி ஐந்தாம் தேதி வந்தது. உங்கள் கற்பனைச் சாக்கு ஆறாம் தேதி பஸ் பார்சலில் வந்தது. அத்தை அதில் இரண்டு சீப்பு வாழைப்பழமும் வைத்திருந்தார்.

சாக்கில் பழைய மாஸ்டர் சிலிண்டர் இருந்தது. நாலு வீல் சிலிண்டர், குழாய்த் துண்டுகள் எல்லாம் இருந்தன. வெளியே பெட்ரோல் போட்டுக் கழுவியிருக்கிறீர்கள். யாரும் எடைக்குப் போடுகிற இரும்பைக் கழுவுவதில்லை. உள்ளே கழுவ மறந்துவிட்டீர்கள்.

உள்ளே இருந்த ரப்பர் கப் ஒவ்வொன்றையும் அளந்தேன். பத்தொன்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டியது இருபத்திரண்டு இருக்கிறது. ஓரமெல்லாம் உப்பி, உதடு மடிந்து போயிருக்கிறது. பழசாகிப் போன ரப்பர் சுருங்கும், வெடிக்கும். இப்படி உப்பாது. மலிவான ரப்பரும் உப்பாது. குழாயின் வளைவில் கொஞ்சம் எண்ணெய் தங்கியிருந்தது. அதில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் விட்டேன். பிரேக் ஆயில் என்றால் தண்ணீரோடு கலந்துவிடும். இது மேலே மிதந்தது.

உங்களுக்குத் தெரியாததில்லை. பிரேக் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்கு ஊற்றுகிற ஹைட்ராலிக் ஆயில் கலந்திருக்கிறது. அந்த எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊறிப் பெருக்கும். பெருத்த ரப்பர் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளையை அடைக்கும். பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். சூடேறும். ஆயில் கொதிக்கும். பிறகு மிதித்தால் மிதி தரைக்குப் போகும். அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

அந்த வண்டியில் வேலை செய்தது நீங்கள். ஆயில் ஊற்றியது நீங்கள். சாக்கை மறைத்ததும் நீங்கள். இதற்கு மேல் நான் என்ன நினைக்க வேண்டும்?

இருபத்தைந்தாம் தேதி லாரி கொண்டு வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன். அதற்குள் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எருமைக் கதை வேண்டாம்.

யாழினி

*

நாமக்கல்
16.12.2024

யாழினிக்கு,

எருமையை விட்டுவிட்டேன்.

ரிக் ஆயில் என்று எழுதியிருக்கிறாய். நாமக்கல்லில் நான் லாரி பிரேக் பார்க்கிறவன். திருச்செங்கோட்டில் மூன்று ரிக் வைத்திருந்தது யார்? போர்வெல் போட்டே ஒடிசா வரைக்கும் பூமியைச் சல்லடையாக்கியது யார் குடும்பம்? அந்த எண்ணெயில் குளித்து வளர்ந்தது நானா, உங்கப்பாவா? உன் சந்தேகத்துக்கு வழி ஒரு பக்கம்தான் தெரியுமா?

எழுத்தில் கேட்கிறாய், எழுத்தில் சொல்கிறேன். பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னால், என் பட்டறையில், சீல் உடைத்த புது பிரேக் ஆயில் ஊற்றி, என் கையால் நாலு சக்கரத்திலும் காற்று எடுத்தேன். மூடியைத் திருகி மூடினேன். "இனி இந்த மூடியைத் தொடறது நான் ஒருத்தன்தான், வேற யாரு தொட்டாலும் நான் பொறுப்பில்லீங்க மச்சான்" என்று உங்கப்பாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நான் அந்த மூடியைத் தொடவில்லை. உங்கம்மா, என் அக்கா அங்கம்மாள் மேல் சத்தியம்.

நான் தொடவில்லை என்றால் வேறு யாரோ தொட்டிருக்கிறார்கள். யார் என்று இருபது வருஷமாக எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது. ஒரு மனிதர் கால் போய்க் கிடக்கும்போது அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ கேள். உங்கப்பாவிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேள். மூடியைத் திறந்தது யார்?

சென்னிமலை

*

கோயம்புத்தூர்
22.12.2024

மாமாவுக்கு,

கேட்டேன்.

நேற்றுக் காலை அப்பா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் அந்த ரப்பர் கப்பை வைத்தேன்.

"என்ன சாமி இது?"

"உங்க வண்டியோட பின்சக்கர ரப்பருப்பா. நாமக்கல்லுல இருந்து வந்துது."

நாமக்கல் என்றதும் நிமிர்ந்தார். வேலை உங்களிடம் நடப்பதைச் சொன்னேன். கப் எவ்வளவு உப்பியிருக்கிறது என்று அளவு சொன்னேன். தண்ணீர் டம்ளரையும் சொன்னேன். பிறகு உங்கள் கேள்வியை அப்படியே கேட்டேன்.

அவர் மீதித் தோசையைச் சாப்பிட்டு முடித்தார். எழுந்து போய்க் கை கழுவினார். கைத்தடியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, உட்காராமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நாந்தான் தொறந்தேன். பந்தயத்துக்கு மொத நாளு காலையில, டிராக்குல. உங்க மாமன் டீ குடிக்கப் போயிருந்தான். எட்டிப் பாத்தா ஆயிலு கொஞ்சம் கம்மியா இருந்துது. அவன் டூல்ஸ் தட்டுல நீல டின்னு இருந்துது. அதுல இருந்து ஊத்துனேன். தொடாதீங்கன்னு சொல்லியிருந்தான். தொட்டுட்டேன்னு எப்படிச் சொல்றது? அதுதான் சொல்லல."

அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தார். "இருவது வருசமா எந்தம்பி பேர இந்த ஊட்டுக்குள்ள சொல்ல உடலையே நீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் சொல்லியிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆனால் மாமா, கதை இன்னும் முடியவில்லை. வாசல் வரைக்கும் போன அப்பா திரும்பி என்னிடம் ஒன்று கேட்டார். "அந்த நீல டின்னுல இருந்தது பிரேக் ஆயில்தானே?"

அவர் ஏமாற்றவில்லை. அது பிரேக் ஆயில் என்று நம்பித்தான் ஊற்றியிருக்கிறார். மூடியைத் திறந்ததுதான் தப்பு, அதனால் காற்றோ தூசியோ போய்விட்டது என்று இத்தனை வருஷமும் உள்ளுக்குள் நினைத்திருக்கிறார். வெளியே உங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் தட்டில் இருந்த டின்னுக்குள் ரிக் ஆயில் எப்படி வந்தது? தகரப் பெட்டியில் கல்யாண வேட்டி இல்லை என்று நினைக்கிறேன்.

லாரியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

யாழினி

*

நாமக்கல்
29.12.2024

யாழினிக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றிலும் நான் நல்லவனாக வந்தேன்.

அந்தப் பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால் ஆயுத பூசை. உனக்குத் தெரியும், பூசை என்றால் பட்டறையைக் கழுவி, எந்திரத்துக்கெல்லாம் பெயிண்ட் அடிப்போம். அந்த வருஷம் மச்சான் வண்டி பந்தயத்துக்குப் போகிறது என்ற திமிர் எனக்கு. தமிழ்நாட்டிலேயே இப்படி ஒரு பட்டறை இல்லை என்று பேர் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். வைஸுக்கு நீலம், டிரில்லுக்கு நீலம், ஸ்டூலுக்கு நீலம். பெயிண்ட் மிச்சம் இருந்தது. அலமாரியில் எண்ணெய் டின்கள் வேறு வேறு கம்பெனி லேபிளோடு கன்னாபின்னாவென்று இருந்தன. லேபிளைச் சுரண்டிவிட்டு அத்தனைக்கும் நீலம் அடித்தேன். சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு, "என்னங்க சென்னிமலை, கல்யாண மண்டபமாட்ட இருக்குது" என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் செய்தேன்.

எது எந்த எண்ணெய் என்று எனக்குத் தெரியும். தூக்கிப் பார்த்தாலே தெரியும், மோந்தாலே தெரியும். வேறு யாராவது எடுப்பார்கள் என்று நினைக்கவே இல்லை. கோவைக்குக் கிளம்பும்போது தட்டில் இரண்டு டின் வைத்தேன். ஒன்று பிரேக் ஆயில். இன்னொன்று ஜாக்கிக்கு ஊற்ற, உங்கப்பாவின் ரிக் பேரலில் இருந்து பிடித்து வைத்திருந்தது. இரண்டும் நீலம்.

விபத்து நடந்த மூன்றாம் நாள் பின்சக்கரத்தைக் கழற்றினேன். கப் உப்பியிருந்தது. தட்டைப் பார்த்தேன். பிரேக் ஆயில் டின்னுக்கு வாயைச் சுற்றி நீலம் உரிந்திருந்தது, நான் ஊற்றினபோது வழிந்ததில். மற்ற டின்னின் வாயில் எண்ணெய் வழிந்திருந்தது, பெயிண்ட் பளபளவென்று அப்படியே இருந்தது. ஜாக்கிக்கு நான் அதைத் தொடவே இல்லை, ஆனால் கால் டின் குறைந்திருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் ஊற்றியிருக்கிறார், நான் ஊற்ற வைத்திருக்கிறேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குச் சொல்லத்தான் வந்தேன். வார்டில் நுழைந்ததும் மச்சான், சொந்தக்காரர்கள் பத்துப் பேர் முன்னால், "வந்துட்டான் பாரு, காலை எடுத்தவன்" என்றார். டூப்ளிகேட் ரப்பர் என்று என் வாயில் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொன்ன பிறகு அதைப் பிடித்துக்கொண்டேன். மூடியைத் திறந்தவர் ஒத்துக்கொள்ளட்டும், அப்புறம் நான் டின்னைச் சொல்கிறேன் என்று இருபது வருஷம் காத்திருந்தேன். அவரும் எதற்கோ காத்திருந்திருக்கிறார்.

தகரப் பெட்டியில் இருந்ததை இத்துடன் அனுப்புகிறேன். மேலே டேப் ஒட்டிக் குறுக்கே என் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ காட்டிய வழிதான்.

வண்டியை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நீ உட்காராவிட்டால் அதில் வேறு யாரும் உட்கார வேண்டாம்.

மாமன்

*

கோயம்புத்தூர்
8.1.2025

மாமாவுக்கு,

இரண்டு டின்னும் வந்தன. அப்பாவின் மேசையில் வைத்துவிட்டு உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தேன். படிக்கச் சொல்லவில்லை. மதியம் பார்த்தபோது கடிதத்தின் மடிப்பு மாறியிருந்தது. டின்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்றார். "ரெண்டு கோட்டு."

நான் இன்னும் உங்கள் இரண்டு பேரையும் மன்னிக்கவில்லை. அப்பாவின் கால் போனது தெரியாமல் நடந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தது தெரிந்தே செய்தது. ஆனால் நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த பிரேக்குக்கு என்ன ஆனது என்று இப்போது தெரியும். உட்காருவேன்.

இனி வேலை. பிப்ரவரி எட்டாம் தேதி வண்டி லாரியில் டிராக்குக்கு வர வேண்டும். நீங்களும் வர வேண்டும். கடைசியாக ஒருமுறை அங்கே வைத்து ஆயில் மாற்றிக் காற்று எடுக்க வேண்டும். சீல் உடைக்காத டின்னில் வாங்கி வாருங்கள். லேபிள் இருக்க வேண்டும். என் முன்னால் உடைக்க வேண்டும்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிள் திறக்க. மிதிக்க ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "எதுக்கு ஆளு? இடது கால் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

இன்னொன்று. இரண்டாவது அடையாளம் என்று எதிலும் எதுவும் இல்லை. நீங்கள் எதைக் கண்டுபிடித்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

யாழினி

*

நாமக்கல்
12.2.2025

அன்புள்ள யாழினிக்கு,

ஓடிய வண்டிகள் பதினொன்றில் நீ ஏழாவதாக வந்தாய். இங்கே மோகனூர் ரோடு முழுக்க முதலாவது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டாவது வந்த வண்டி இன்னும் வந்துகொண்டிருப்பதாகவும் சொல்லியிருக்கிறேன். யாராவது போனில் கேட்டால் மாற்றிச் சொல்லிவிடாதே.

போனில் பேசலாம் என்று நீ சொன்னாய். இருந்தாலும் இதை எழுத்தில் கொடுக்கிறேன். எட்டாம் தேதி, சீல் உடைப்பதைப் பார்த்துவிட்டு நீ ஓட்டுநர் கூட்டத்துக்குப் போனாய் அல்லவா, அந்த அரைமணி நேரம் நடந்தது உனக்குத் தெரியாது. உங்கப்பா சொல்ல மாட்டார்.

நீ அந்தப் பக்கம் போனதும் மச்சான் பையில் இருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். கேன்டீன் பக்கம் போய்த் தண்ணீர் பிடித்து வந்தார். என் டின்னில் இருந்து ஒரு சொட்டை அதில் விட்டார். டம்ளரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். கலந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் என் பையிலும் ஒரு டம்ளர் இருந்தது. அதே கடையில் அதே ஆயிலில் இன்னொரு டின் வாங்கி, வீட்டில் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். என் டம்ளரை எடுத்துக் காட்டினேன்.

"நீயும் பாத்தியா?" என்றார்.

"ரெண்டு தடவை பாத்தனுங்க மச்சான்."

"அப்பச் சரி. படு."

இருபது வருஷத்துக்குப் பிறகு அவர் என்னிடம் முதலில் பேசியது அதுதான். வண்டிக்கு அடியில் படுத்தேன். அவர் கைத்தடியைக் கதவில் சாய்த்துவிட்டு, வலது காலை வெளியே நீட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். இந்த வேலையில் பேசாமல் இருக்க முடியாது. அவர் மிதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்ன பிறகுதான் நான் நிப்பிளைத் திறக்க வேண்டும். மாறிப் போனால் காற்று உள்ளே போய்விடும். "மிதிங்க மச்சான்" என்றேன். முதல் சக்கரத்துக்கு அவர் கைத்தடியால் வண்டித் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவதுக்கும் தட்டினார். மூன்றாவதில் எனக்குத் தட்டுச் சத்தம் சரியாகக் கேட்கவில்லை, பக்கத்தில் எவனோ வண்டியை உறுமவிட்டான். கேட்கவில்லை என்றேன். "புடிச்சிருக்கேன்" என்றார். நாலாவதுக்குத் தட்டவில்லை. "புடிச்சிருக்கேன் சென்னிமலை. உடு" என்றார். விட்டேன்.

பந்தயத்தில் நீ அந்த முதல் வளைவுக்கு வந்தபோதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் வேலி ஓரத்தில் நின்று பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நீ பிரேக் போட்டது எனக்குத் தாமதமென்று தோன்றியது. இன்னும் முன்னாலேயே போட்டிருக்கலாம். அதை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

நீ இறங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டு நின்றாய். எல்லாரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் மட்டும் வண்டியின் முன்பக்கம் போய் பானெட்டைத் தூக்கினார். ஓட்டம் முடிந்ததும் ஆயில் அளவைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு அன்றைக்கும் உண்டு. மூடி மேல் கையை வைத்தார். திருகவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சென்னிமலை, மூடியத் தொறக்கட்டுமா?"

"தொறங்க மச்சான்" என்றேன்.

மாமன்